மூன்றே வருஷம் ஓடிய தோட்டத்து ராக் பேண்டின் வரலாற்றைத் தோண்டி எடுப்பது எப்படி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயம்தான் ஞாபகம் வரும். 1948 ஜூன் 16ஆம் தேதி ரப்பர் தோட்டத்துத் துரைமார்களைச் சுட்டது, அதிலிருந்து வந்த அவசரகாலம். அதை விட்டால் தேர்தல்: இங்கே எம்பியாக இருந்த துன் சம்பந்தன், சாமிவேலு, 2008இல் சாமிவேலு தோற்றது. இதே ஊரில் பெல்பாட்டம் மாட்டிக்கொண்டு, தவணைக்கு வாங்கிய ஆம்ப்ளிஃபயரைத் தோட்டத்து ஹாலில் அலறவிட்ட ஐந்து பையன்கள் இருந்தார்கள் என்று எந்த ஏட்டிலும் இல்லை. அந்த ஐவரில் ஒருவர் என் சித்தப்பா. மூன்று வருஷம் வாசித்தார்கள், இசைத்தட்டு எதுவும் போடவில்லை, ஒரே ஒரு கேசட் மிஞ்சியது, அப்புறம் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள்.

இதைத் திரட்ட எனக்கு நாலு வருஷம் பிடித்தது, அதில் இரண்டு வருஷம் தப்பான வழியில் போய் வீண். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு பேண்டு நிச்சயம் இருந்திருக்கும், பத்தாங் பெர்ஜுந்தையோ பாகாவோ கூலிமோ எதுவானாலும் சரி. யாராவது உட்கார்ந்து எழுத நினைத்தால் எனக்கு வீணான அந்த இரண்டு வருஷமாவது அவர்களுக்கு மிஞ்சட்டும். பேண்டின் பெயரையும் ஆட்களின் பெயரையும் இங்கே போடவில்லை, காரணம் பின்னால் வரும்.

முதலில் ஒன்று: பாட்டுக்காரரிடம் முதலில் போகாதீர்கள். நான் செய்த பெரிய தப்பு அதுதான். முன்னால் நின்று பாடியவர் நாற்பது ஐம்பது வருஷமாக அந்தக் கதையை ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் சொல்லிச் சொல்லி வழுவழுவென்று ஆக்கி வைத்திருப்பார், கேட்க நன்றாக இருக்கும், தேதி ஒன்றுகூடத் தேறாது. அதை முதலில் கேட்டுவிட்டால், அதற்குப் பிறகு வேறு யார் எதைச் சொன்னாலும் அந்த அச்சில்தான் போய் விழும். நம் காதும் அதையே எதிர்பார்க்க ஆரம்பித்துவிடும். அதனால் சாமான் தூக்கியவரிடம் போங்கள். லோரி ஓட்டியவர், ஹால் சாவி வைத்திருந்தவர், ஒரே மாதிரி ஐந்து சட்டை தைத்துக் கொடுத்த அக்கா, ஆம்ப்ளிஃபயருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட கிராணி (தோட்டத்துக் குமாஸ்தா). இவர்களிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை, அதனால் அவர்களுடைய ஞாபகம் அப்படியே பச்சையாக இருக்கிறது. எங்கள் விஷயத்தில் சட்டை தைத்த அக்காதான் (இப்போது பேரப்பிள்ளை எடுத்துவிட்டார்) ஐந்து பேரில்லை, ஆறு சட்டை தைத்தேன் என்று சொன்னார். ஆறாவது சட்டை யாருக்கு என்று தேடிப் போனதில்தான், முதல் ஆறு மாதம் மட்டும் வாசித்துவிட்டு அப்பா அடித்ததால் விலகிய ஒரு கீபோர்டுக்காரர் இருந்ததே தெரியவந்தது. பாட்டுக்காரர் அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை, மறைக்கவில்லை, மறந்தே போயிருந்தார்.

தமிழர் வீடுகளோடு நிற்காதீர்கள், இதுவும் நான் தாமதமாகக் கற்றது. தோட்டத்துப் பட்டணத்தில் பேண்டு என்றால் அது முழுக்கத் தமிழ்ப் பையன்களாக இருப்பது அபூர்வம். எங்கள் டிரம்ஸ்காரர் பக்கத்துக் கம்பத்து (கிராமத்து) மலாய்க்காரர், அவர் பேசும் தோட்டத்துத் தமிழ் என் தமிழைவிடச் சுத்தம். படம் எடுத்தது பட்டணத்தில் இருந்த சீனர் ஸ்டூடியோ. பழைய படத்தைக் கையில் எடுத்தால் முன்பக்கத்தை ரசிப்பதற்கு முன் பின்பக்கத்தைத் திருப்புங்கள், ஸ்டூடியோ முத்திரையும் சில நேரம் பென்சிலில் நெகட்டிவ் எண்ணும் இருக்கும். ஸ்டூடியோ மூடியிருந்தாலும் அந்தக் குடும்பம் பெரும்பாலும் அதே கடைவரிசையில் வேறு வியாபாரம் பார்த்துக்கொண்டிருக்கும், எங்களுக்கு ஸ்டூடியோக்காரரின் மகன் கண்ணாடிக் கடையில் கிடைத்தார்.

கேள்வி கேட்கும் விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். "எந்த வருஷம்?" என்று தோட்டத்தில் வளர்ந்தவரிடம் கேட்டால் கிடைக்கும் பதில் குத்துமதிப்பு. தோட்டத்துக் காலண்டர் வேறு. எந்தத் துரை இருந்த காலம், மரம் இலை உதிர்த்துப் பால் குறைந்த மாதமா, மழையில் பால் வெட்டு இல்லாமல் உட்கார்ந்திருந்த மாதமா, கித்தா (ரப்பர்) மரத்தை வெட்டிச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வைப்பதற்கு முன்னாலா பின்னாலா, மூத்தவள் வயிற்றில் இருந்தாளா இல்லை பிறந்துவிட்டாளா, இப்படிக் கேட்க வேண்டும். "மூத்தவளைத் தூக்கிக்கொண்டு ஷோ பார்க்கப் போனேன், இன்னும் உட்காரக்கூடத் தெரியாது" என்று ஒரு அம்மா சொன்னார். அந்த மூத்தவளின் ஐசி (அடையாள அட்டை) எண்ணில் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதிதானே, கேட்டு வாங்கி ஆறு மாதம் கூட்டினால் ஷோவின் தேதி ஏறக்குறைய வந்துவிட்டது. நம் நாட்டில் வரலாறு எழுதுகிறவனுக்கு ஐசி ஒரு வரப்பிரசாதம் என்று நான் சும்மா சொல்லவில்லை.

இன்னொரு உள்ளூர்த் தந்திரம் பொழுது. தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளினது 1982 ஜனவரி 1 முதல். அதற்கு முன் பேராக்கில் பெரும்பாலும் ஆறரையிலிருந்து ஏழுக்குள் பொழுது சாய்ந்துவிடும், இப்போது ஏழு மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கிறது. 1975 நிகழ்ச்சியைப் பற்றிச் சொல்லும்போது ஒருவர் "ஏழே காலுக்கு ஆரம்பிச்சோம், நல்ல வெளிச்சம்" என்றால் அவர் பொய் சொல்லவில்லை, பிந்திய ஏதோ ஒரு மாலையை இதோடு சேர்த்துவிட்டார் என்று அர்த்தம். முகத்துக்கு நேராக மடக்காதீர்கள். நோட்டில் ஓரமாக ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டு மைலோவைக் குடியுங்கள்.

போனில் பதிவு செய்வதானால், ஆரம்பத்திலேயே தேதி, இடம், பேசுகிறவர் யார், பதிவு செய்ய ஒப்புக்கொண்டாரா என்பதை வாயால் சொல்லிப் பதிந்துவிடுங்கள். ஃபேனை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். கையில் ஏதாவது பொருள் கொண்டு போங்கள்: ஒரு படம், ஒரு கிட்டார் கம்பி, எதுவாவது. வெறுங்கையோடு போனால் பேச்சு பொதுவாகவே போய்க்கொண்டிருக்கும். சித்தப்பாவின் கிட்டார் ஸ்ட்ராப்பை மேசையில் வைத்ததும் லோரிக்காரர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது இடுப்பு வாரு, மண்டோருடையது, கேட்காமல் எடுத்துட்டான்" என்றார் (மண்டோர் என்றால் தோட்டத்து மேஸ்திரி). அதிலிருந்து முக்கால் மணி நேரம் நிற்காமல் பேசினார்.

இனி காகிதம். சின்ன பேண்டுக்குப் பத்திரிகைச் செய்தி இருக்காது, ஆனால் கடன் இருக்கும். கடன் இருந்தால் காகிதம் இருக்கும். சித்தப்பா 2019இல் தவறிய பிறகு அவருடைய பிஸ்கட் டின்னில் எனக்குக் கிடைத்த மூன்று பொருளில் பெறுமதியானது, ஈப்போ கடை ஒன்றின் தவணை அட்டை. ஓரம் கரையான் அரித்த பழுப்பு அட்டை, மாதத்துக்கு ஒரு வரி, ஒவ்வொரு வரியிலும் தேதி, தொகை, ஊதா முத்திரை, கடைக்காரரின் சுருக்கெழுத்து. முதல் வரி 1974 மார்ச். கடைசி வரி 1977 ஆகஸ்டு. நடுவில் இரண்டு இடத்தில் மூன்று மாதம் விடுபட்டு, அடுத்த வரியில் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். இந்த ஒரு அட்டையை வைத்தே பேண்டின் உடல்நிலையைச் சொல்லிவிடலாம்: பணம் ஒழுங்காகக் கட்டிய மாதங்களில் ஷோ இருந்தது, விடுபட்ட மாதங்கள் இரண்டுமே பால் குறையும் காலம், தோட்டத்தில் யார் கையிலும் காசு இல்லை, யாரும் கூப்பிடவில்லை.

கோயில் திருவிழா நோட்டீஸ்களை மறக்காதீர்கள். எந்த நாளுக்கு எந்த உபயகாரர், இரவு என்ன நிகழ்ச்சி என்பதெல்லாம் அதில் அச்சாகியிருக்கும், "இன்னிசை" என்று ஒரே வார்த்தையில் போட்டிருந்தாலும் அது யார் என்று அந்த உபயகாரர் குடும்பத்துக்குத் தெரியும். பழைய நிர்வாகத்தில் செயலாளராக இருந்தவர் வீட்டில் கட்டுக்கட்டாக இருக்கும், மனைவி "இந்தக் குப்பையை எடுத்துட்டுப் போங்க தம்பி" என்று மனதார வாழ்த்துவார். தமிழ்ப் பள்ளி மலர்கள், கல்யாணப் பத்திரிகைகள், ஊரில் நடந்த டேலண்டைம் (திறமைப்) போட்டியின் சான்றிதழ்கள், இவையும் அப்படித்தான். போலீஸ் பெர்மிட் தேடி நான் ஏறின ஒரு அலுவலகத்தில் பழைய கோப்புகளை எப்போதோ அழித்துவிட்டார்களாம், ஆனால் பெர்மிட்டின் கார்பன் நகல் சட்டை தைத்த அக்கா வீட்டுப் பீரோவில் தாளாக விரித்துக் கிடந்தது. மேலே புடவை அடுக்கியிருந்தார்.

தேதி போடாத காகிதத்துக்கு வயது கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. மலாய் எழுத்துமுறை 1972 ஆகஸ்டில் மாறியது, அதற்கு முன் 'ச' ஒலிக்கு சி, எச் என்று இரண்டு ரோமன் எழுத்துப் போடுவார்கள், அதன் பிறகு சி மட்டும். பணத்துக்கு ரிங்கிட் என்ற பெயர் அதிகாரப்பூர்வமாக வந்தது 1975இல், ஆனால் டாலர் குறி 1990களின் தொடக்கம் வரைக்கும் ரசீதுகளில் உட்கார்ந்திருந்தது, அதனால் டாலர் குறியைப் பார்த்துப் பழசு என்று துள்ள வேண்டாம். தமிழ் எழுத்தும் சாட்சி சொல்லும்: யானைத் தும்பிக்கை மாதிரி வளைவு போட்டு எழுதிய பழைய ணை, லை, னை எல்லாம் தமிழ்நாட்டில் 1978இல் மாற்றப்பட்டன, இங்கே பிறகுதான் பரவின. ஆனால் இது ஒருவழிப் பாதை. புது எழுத்து இருந்தால் காகிதம் பிந்தியது என்று சொல்லலாம், பழைய எழுத்து இருந்தால் ஒன்றும் சொல்ல முடியாது. சித்தப்பா சாகும்வரைக்கும் மளிகைக் கணக்கில் 'வெங்காய விலை'யைத் தும்பிக்கை வைத்துத்தான் எழுதினார்.

டின்னில் கிடைத்த இரண்டாவது பொருள் பள்ளி நோட்டில் கிழித்த ஒரு தாள், பதினான்கு பாட்டின் பட்டியல். பாட்டுப் பட்டியல் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள், அதில் மிகப் பிந்திய பாட்டு எது என்று மட்டும் பாருங்கள். பேண்டு 1975இல் கலைந்தது என்று எல்லோரும் சத்தியம் செய்துகொண்டிருந்தார்கள். பட்டியலில் பதினோராவது பாட்டு இளையராஜாவுடையது. அவர் திரைக்கு வந்ததே 1976இல். 1975இல் கலைந்த பேண்டு அதை எப்படி வாசித்தது? தவணை அட்டையை இதோடு பக்கத்தில் வைத்தபோதுதான், ஊர் முழுக்க ஒரே மாதிரி சொன்ன கதை இரண்டு வருஷம் தப்பு என்பது தெளிவானது. ஐந்து பேர் ஒரே பொய்யைச் சொல்லவில்லை. ஒருவர் சொன்னதை மற்ற நாலு பேரும் பல வருஷமாகக் கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பத்திரிகை பக்கம் போனால், தமிழ் நேசன் 1924 முதல் 2019 வரை வந்தது, பழைய நாளிதழ்களைக் கோலாலம்பூரில் ஜாலான் துன் ரசாக்கில் இருக்கும் தேசிய நூலகத்தில் மைக்ரோஃபிலிமில் பார்க்கலாம். போவதற்கு முன் எந்த வருஷம், எந்த மாதம் என்று சுருக்கிக்கொண்டு, இருக்கிறதா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள், இல்லையென்றால் கண்ணும் போகும் நாளும் போகும். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய பத்திரிகைகளை இணையத்தில் தேடும்படி வைத்திருக்கிறது, தமிழ் முரசும் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸும் அதில் இருக்கின்றன. ஊர்ப்பெயரை எல்லா எழுத்துக்கூட்டலிலும் போட்டுத் தேடுங்கள், சுங்கை என்பதை அந்தக் காலத்தில் ரோமனில் இரண்டு விதமாக எழுதினார்கள். பெயரே மாறிய ஊர்களும் உண்டு, பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. எங்களுக்குப் பத்திரிகையில் கிடைத்தது பூஜ்யம். அதையும் எழுதி வைத்தேன்: எந்த ஏடு, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை பார்த்தேன் என்று. அடுத்து வருகிறவன் அதே ரீலைச் சுற்றிக்கொண்டு உட்கார வேண்டாம்.

சரி, கேசட். டின்னில் மூன்றாவது அதுதான், அறுபது நிமிஷக் கேசட், மேலே பேனாவில் "ஹால்" என்று மட்டும்.

கிடைத்த உடனே ரேடியோவில் போட்டுக் கேட்க ஆசை வரும். போடாதீர்கள். நம் ஊர் ஈரத்தில் நாற்பது ஐம்பது வருஷம் கிடந்த நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருக்கும், கேசட்டின் ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் சுற்றின் ஓரத்தில் மாவு தூவின மாதிரி தெரியும். அப்படியே ஓட்டினால் நாடாவும் போகும் மெஷினும் போகும். முதலில் பின்பக்கம் இருக்கும் இரண்டு சின்னப் பல்லை உடைத்துவிடுங்கள், ஏற்கெனவே உடைந்திருந்தால் நல்லது. அது இருக்கும்வரை தவறிப்போய் ரெக்கார்ட் பட்டனை அமுக்கினால் எல்லாம் அழிந்துவிடும், அந்த விபத்து நடந்த ஒரு குடும்பம் எனக்குத் தெரியும். அப்புறம் நடுவில் பாருங்கள்: மெஷினின் தலை, அதாவது நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் பகுதி, வந்து படும் இடத்துக்கு எதிரே ஒரு மெல்லிய செப்புத் தகட்டில் கடுகு சைஸைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு ஃபெல்ட் துண்டு ஒட்டியிருக்க வேண்டும், அதுதான் நாடாவைத் தலையோடு அழுத்திப் பிடிக்கிறது. பழைய பசை காய்ந்து அது கழன்று உள்ளே எங்காவது கிடக்கும். எங்கள் கேசட்டில் அது காணவே இல்லை.

கேசட்டில் ஐந்து ஸ்க்ரூ இருந்தால் அதிர்ஷ்டம், கழற்றலாம். ஒட்டி மூடியதாக இருந்தால் விளிம்பில் கத்தி வைத்துப் பிளக்க வேண்டும், அதற்கு முன் ஒரு உதவாத கேசட்டில் நாலு தடவை பழகிக்கொள்ளுங்கள். வெள்ளைத் துணி விரித்த மேசையில், ஃபேனை நிறுத்திவிட்டு, கைவிரலில் எண்ணெய் இல்லாமல், இரண்டு சுற்றையும் அப்படியே தூக்கி ஸ்க்ரூ போட்ட இன்னொரு கூட்டுக்குள் வையுங்கள். நாடா எந்த உருளைக்கு வெளியே எந்தக் குச்சிக்கு உள்ளே போகிறது என்பதைத் திறந்ததும் போனில் படம் எடுத்துக்கொண்டால் பிறகு தலையைச் சொறிய வேண்டியதில்லை. அறுந்திருந்தால் அதற்கென்று விற்கும் ஒட்டு நாடா மட்டும், சாதாரண செல்லோடேப் ஒட்டவே கூடாது, பசை கசிந்து அடுத்த சுற்றிலும் பிடித்துக்கொள்ளும். பூஞ்சை அதிகம் என்றால் நீங்களாகக் கை வைக்காமல் தெரிந்தவரிடம் கொடுங்கள், ஆனால் கூடவே உட்கார்ந்திருங்கள். சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் சில நாள் வைத்தால் ஈரம் கொஞ்சம் இறங்கும். ஃபிரிஜ்ஜில் வைக்கச் சொல்லும் அண்ணன் எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார், கேட்காதீர்கள்.

ஓட்டுவதற்கு யுஎஸ்பி போட்டு விற்கும் மலிவு வாக்மேன் வேண்டாம். நல்ல பழைய கேசட் டெக் ஒன்றை இரவல் வாங்குங்கள், தலையையும் ரப்பர் உருளையையும் நாடா படும் மற்ற இடங்களையும் சுத்தம் செய்யுங்கள் (தலைக்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், மருந்துக்கடையில் கிடைக்கும்). நாடாவை ஒரு முறை கடைசிவரை சுற்றித் திரும்பச் சுற்றினால் ஒட்டிக்கிடந்தது விடுபடும். முக்கியமான வேலை இதற்கப்புறம்தான்: தலைக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கிறது, தலையின் சாய்வைச் சரிசெய்வது. அன்று பதிந்த மெஷினின் சாய்வு வேறு, உங்கள் டெக்கின் சாய்வு வேறு. பாட்டு ஓடும்போது அதை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினால் ஓர் இடத்தில் சிம்பல் ஒலி திடீரென்று திரை விலகின மாதிரி பளிச்சென்று வரும், அங்கே நிறுத்துங்கள். இதைச் செய்யாமல் கணினியில் என்ன வித்தை காட்டினாலும் போர்வைக்குள்ளிருந்து பாடின மாதிரிதான் இருக்கும்.

பதியும்போது 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபிதான் ஆகும், இந்தக் காலத்தில் அது ஒரு இடமே இல்லை. எம்பி3ஆக நேரடியாக மாற்றாதீர்கள். இரைச்சலை நீக்குகிறேன் என்று மூலக்கோப்பில் கை வைக்காதீர்கள், நகலில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். மூலக்கோப்பை மூன்று இடத்தில் வையுங்கள், ஒன்றாவது வேறு வீட்டில்.

இரைச்சலை நீக்க வேண்டாம் என்று நான் பிடிவாதம் பிடிக்கக் காரணம் இருக்கிறது. "ஹால்" என்றால் எந்த ஹால்? பட்டணத்து ஹாலா, தோட்டத்து ஹாலா? ஆளுக்கொன்று சொன்னார்கள். ஹெட்ஃபோன் போட்டு மூன்று இரவு கேட்டதில், பாட்டுகளுக்கு அடியில் ஒரு 'ம்ம்ம்' ஓடிக்கொண்டே இருந்தது, கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்து உச்சத்துக்குப் போகும் ஒவ்வொரு இடத்திலும் அந்த 'ம்ம்ம்' கொஞ்சம் கீழே இறங்கி, அடங்கினதும் ஏறியது. அரசாங்கக் கரண்ட்டாக இருந்தால் அது ஐம்பது ஹெர்ட்ஸில் ஆடாமல் நிற்கும். கேசட் மோட்டார் தள்ளாடியது என்றால் பாட்டும் சேர்ந்து தள்ளாடியிருக்கும், பாட்டு ஆடவில்லை. சுமை ஏறினால் மூச்சு வாங்குவது ஜெனரேட்டர். தோட்டத்து ஹால்தான். ஐந்தாவது பாட்டு நடுவில் சட்டென்று எல்லாம் அணைந்து, ஜனங்கள் "ஓ" என்று கத்துவதோடு அந்தப் பக்கம் முடிகிறது. தோட்டத்தில் பத்து மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள் என்று லோரிக்காரர் முன்பே சொல்லியிருந்தார், எனக்குத்தான் உறைக்கவில்லை.

எழுத உட்காரும்போது வருகிற பெரிய ஆசை, "மலேசியாவின் முதல் தமிழ் ராக் பேண்டு" என்று தலைப்புப் போடுவது. அந்த ஆசையைக் கிள்ளி எறியுங்கள். 1961இல் இங்கிலாந்துப் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் அவருடைய குழு ஷாடோஸும் சிங்கப்பூரில் வந்து வாசித்துவிட்டுப் போன பிறகு இந்தப் பக்கம் முழுக்க கிட்டார் குழுக்கள் முளைத்தன, 'கும்புலான் கித்தார் ரஞ்சாக்' (துள்ளல் கிட்டார் குழு) என்பதைச் சுருக்கி குகிரான் என்று மலாயில் பெயரே வைத்தார்கள். பினாங்கில் டேவிட் ஆறுமுகமும் தம்பி லோகநாதனும் 1960களின் கடைசியில் ஆரம்பித்தது பின்னால் அல்லிகேட்ஸ் ஆகி, மலாயில் பாடி, நாடே அறிந்த குழுவானது, லோகநாதன் 2007இல் இறந்தார். ஜொகூர் பாருவில் 'சர்ச்' என்ற ராக் குழு தொடங்கியது 1981இல், அதற்கப்புறம் ராக் காப்பாக் எனும் மலாய் ராக் அலை. எங்கள் பையன்கள் விழுந்தது இந்த இரண்டு அலைக்கும் நடுப் பள்ளத்தில். குகிரான் மோகம் அடங்கிவிட்டது, ராக் காப்பாக் இன்னும் வரவில்லை, தமிழ்ப் பாட்டு கேட்பவர்களுக்குச் சினிமாப் பாட்டு போதும். என்னைக் கேட்டால் முதலாவது என்று சொல்லிக்கொள்வதைவிட இதுதான் சொல்லத் தகுந்த கதை. உங்கள் பேண்டு எந்த அலையில், எந்தப் பள்ளத்தில் இருந்தது என்று பாருங்கள்.

அதோடு தோட்டத்தின் கதையும் உள்ளே வந்துதான் தீரும், வலிந்து நுழைக்க வேண்டியதில்லை. சித்தப்பா பழகிய முதல் கிட்டார், 1968 வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகு குடியுரிமை இல்லாத சிவப்பு ஐசிக்காரர்கள் ஊருக்குக் கப்பலேறியபோது, ரஜூலா கப்பலில் ஏறின ஒரு குடும்பம் கழுத்து உடைந்தது என்று விட்டுவிட்டுப் போனது. அதைக் கட்டையும் ஆணியும் வைத்துச் சேர்த்தவர் ஆலைத் தச்சர். பிறகு பழகியது கபோக், நம் நாட்டில் அந்தத் தலைமுறைக்குப் பாதிப் பேர் விரல் காய்ச்சுப் போனது அந்தச் சீனக் கிட்டாரில்தானே.

ஏன் கலைந்தது என்ற கேள்வியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்க் கதைப்படி ஒரு பெண்ணால் வந்த சண்டை. நல்ல கதை, எல்லோருக்கும் பிடிக்கும், அந்தப் பெண்ணைத் தவிர. அவரைப் போய்ப் பார்த்தேன். அவர் சிரிக்கக்கூட இல்லை, "எனக்கு அதுக்கு முன்னாடியே நிச்சயம் ஆயிடுச்சு, அவங்க ரெண்டு பேர்கிட்டயும் நான் பேசினதே கிடையாது" என்றார். நடந்தது என்னவென்றால், பேஸ் வாசித்தவருக்குச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை கிடைத்தது, தவணையில் அவர் பங்கு நின்றது, மீதி நாலு பேரால் கட்ட முடியவில்லை, ஆம்ப்ளிஃபயரைக் கடைக்கே திருப்பிக் கொடுத்தார்கள். அட்டையின் கடைசி வரியில் தொகை இல்லை, "பொருள் பெறப்பட்டது" என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்து. சின்ன பேண்டுகள் பெரும்பாலும் இப்படித்தான் முடியும் என்று நினைக்கிறேன்: வேலை, கல்யாணம், தோட்டத்தை விற்பது. சண்டைக் கதை கேட்டால் நம்புங்கள், ஆனால் கணக்கையும் பாருங்கள். இரண்டையும் எழுதுங்கள், எது யார் சொன்னது என்று பிரித்து.

பெயர்களைப் பற்றி. சண்டைக் கதையில் வந்த அந்த அம்மாவுக்கு இப்போது மருமகன் இருக்கிறார், கீபோர்டுக்காரரை அடித்த அப்பாவின் மற்ற பிள்ளைகள் அதே ஊரில் இருக்கிறார்கள், மண்டோரின் வாரைத் திருடியது விளையாட்டாகத் தெரியலாம் ஆனால் மண்டோரின் பேரனுக்கு? எழுதியதை ஒவ்வொருவர் வீட்டிலும் அவரவர் பகுதியைப் படித்துக் காட்டி, சரி என்றால் பெயர், இல்லையென்றால் "ஒருவர்". இரண்டு பேர் இன்னும் சரி சொல்லவில்லை, அதனால்தான் இங்கே யார் பெயரும் இல்லை. இறந்தவர்களுக்கு அவர்கள் வீட்டில் கேளுங்கள். குடி, கடன், சாதி பேசப்பட்ட இடங்களில் கை கொஞ்சம் நிதானிக்கட்டும், விட்டுவிடவும் வேண்டாம்.

கேசட்டை யூடியூபில் ஏற்றுவதற்கு முன் அதில் இருப்பது யார் பாட்டு என்று பாருங்கள். பையன்கள் வாசித்தது சினிமாப் பாட்டும் வெள்ளைக்காரன் பாட்டும் என்றால், வாசிப்பு அவர்களுடையது, பாட்டு அவர்களுடையதில்லை. நம் நாட்டில் இசையமைத்தவரின் ஆயுளும் அதற்குப்பின் 50 வருஷமும் உரிமை ஓடும். சொந்தப் பாட்டு ஒன்றாவது இருந்தால் அதை மட்டும் போடலாம், அதற்கும் அத்தனை பேரின் சம்மதம் வேண்டும். எங்கள் கேசட்டில் சொந்தப் பாட்டு ஒன்றே ஒன்று, நாலாவது. வரிகள் பாதி புரியவில்லை, பால் வாளியைப் பற்றி ஏதோ வருகிறது, பாட்டுக்காரருக்கே மறந்துவிட்டது.

கடைசி வேலை பிரதி கொடுப்பது. பேசிய ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒன்று, கேட்காவிட்டாலும். பென்டிரைவில் போட்டுக் கொடுத்தால் மறுநாளே பேரப்பிள்ளை அதில் கார்ட்டூன் ஏற்றிவிடும், ஆகவே பேரன் பேத்திகளின் புலனத்துக்கும் (வாட்ஸ்அப்) அனுப்பிவிடுங்கள். டிரம்ஸ்காரர் வீட்டில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டோம். மூன்றாவது பாட்டில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். "இங்க நான் லேட். அரை பீட்டு. அன்னிக்கே உன் சித்தப்பன் திரும்பிப் பார்த்தான்," என்றார், திரும்பப் போடச் சொன்னார், மறுபடியும் அதே இடத்தில் முட்டியில் தட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார். போன், பென்டிரைவ் எதுவும் அவருக்கு வேண்டாம். அவருடைய பழைய வேனில் கேசட் மட்டும்தான் ஓடுமாம். அதனால் கணினியில் ஏற்றியதை மறுபடியும் கேசட்டில் பதிந்து கொடுத்தேன், காலிக் கேசட்டுக்காக ஈப்போவில் நாலு கடை ஏறி இறங்கினேன்.